உடைந்த கண்ணாடிக்கு அட்டை போதுமா?

(நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், பழைய மரக்கதவு ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு பயிற்சிக் குழுவினர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



வழக்கமாக இந்த இடத்தில் நின்று சேமிப்பு, உள்கடன், தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்றைக்கு ஒரு கதவைப் பற்றிப் பேசப் போகிறோம். “கதவுல பேச என்ன இருக்கு?” என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இருக்கிறது.

இதோ இரண்டு பெஞ்சுக்கு மேல் படுக்க வைத்திருக்கிறோமே, இது நாம் கூட்டம் நடத்தும் இந்தக் கட்டடத்தின் பின்பக்கக் கதவு. பழைய மரம், நல்ல கெட்டி. கீழ்ப்பாதி பலகை, மேல்பாதியில் ஆறு கண்ணாடி. அதில் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் இருக்கிற கண்ணாடி உடைந்துபோனது. இதை இன்றைக்கு உங்கள் கண் முன்னாலேயே மாற்றப் போகிறோம்.

பழைய ஓட்டு வீடு, மாடி வீடு என்று நம் ஊர்களில் இந்த மாதிரிக் கதவு நிறைய உண்டு. கண்ணாடி உடைந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒரு அட்டையை வெட்டி, நாலு ஆணி அடித்து, “ஆசாரி வரட்டும், பாத்துக்கலாம்” என்று விட்டுவிடுகிறோம். ஒரு கண்ணாடிக்காக அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர முடியாது. அது அவர் குற்றம் இல்லை. ஆனால் நம் கதவு அப்படியே கிடக்கிறது.

நமது ஊராட்சியில் ஒரு சகோதரி. வீட்டுக்காரர் வெளியூரில் வேலை, வீட்டில் அவரும் இரண்டு பெண் பிள்ளைகளும்தான். ஐப்பசி மழைக் காற்றில் கதவு அடித்துக் கண்ணாடி உடைந்தது. அட்டை வைத்தார். மழையில் அட்டை ஊறிப் பிய்ந்தது. மறுபடி ஒரு அட்டை. தை மாதம் குழுக் கூட்டத்தில் பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்த ஓட்டையில கைய விட்டா தாழ்ப்பாள் கைக்கு எட்டுது. தினமும் அம்மிக் குழவியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துட்டுத்தான் படுக்கறோம். ராத்திரியில ரெண்டு தடவை எழுந்து தொட்டுப் பாப்பேன்.” மூன்று மாதம் அந்தத் தாயும் பிள்ளைகளும் சரியாகத் தூங்கவில்லை. ஒரு சதுர அடி கூட இல்லாத கண்ணாடிக்காக!

அடுத்த ஞாயிறு அதே குழுவிலிருந்து மூன்று பேர் போனார்கள். டவுனுக்குப் போய் வந்த நேரத்தையும் சேர்த்து அரை நாளில் கண்ணாடியை மாற்றிவிட்டார்கள். அவர்களிடம் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டதும், தச்சு வேலை தெரிந்தவர்களிடம் கற்றுக்கொண்டதும்தான் இந்தப் பேச்சு.

அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கதவில் உடைந்த கண்ணாடி அழகுக் குறை மட்டும் இல்லை. அதன் வழியாகக் கை வரும், பூச்சி பொட்டு வரும், மழைத் தண்ணீர் வரும். உடைந்த விளிம்பில் குழந்தையின் விரல் படும். ஊறிய அட்டை தண்ணீரை மரத்தோடு சேர்த்துப் பிடித்து வைப்பதால் கதவுச் சட்டம் உளுத்துப் போகும். கண்ணாடிச் செலவோடு முடிய வேண்டியது கதவுச் செலவில் போய் நிற்கும்.

ஏன் உடைந்தது?

புதுக் கண்ணாடி வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். காரணத்தைச் சரி செய்யாமல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் அடுத்த காற்றில் அதுவும் போகும்.

காற்றில் கதவு படார் என்று அடித்திருந்தால், திறந்த கதவை நிறுத்தி வைக்க ஒரு கொக்கி போடுங்கள். கதவு இறங்கி, தரையில் உரசிக்கொண்டு இருந்தால் கீலைப் பாருங்கள். திருகாணி ஆடிக்கொண்டிருக்கும். கதவு இறங்கும்போது சட்டம் கோணி, கண்ணாடியின் மூலையை நெருக்கும். திருகாணியைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் ஃபெவிகால் தடவிய மூங்கில் சிம்பு ஒன்றிரண்டைச் செருகி, காய்ந்ததும் மறுபடி முறுக்கினால் கெட்டியாகப் பிடிக்கும். சில இடத்தில், முன்பு அடித்த ஆணியே கண்ணாடியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். அதுவும் விரிசல் விடக் காரணம்.

கைக்கும் கண்ணுக்கும் காவல்

வேலையை ஆரம்பிக்கும் முன் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். காலில் செருப்பு கட்டாயம். வெறுங்காலோடு இந்த வேலை வேண்டாம். கைக்குத் தடித்த கையுறை. கண்ணுக்கு ஏதாவது ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், வெயிலுக்குப் போடுகிற கண்ணாடியானாலும் பரவாயில்லை. சேலை முந்தானையை இழுத்துச் செருகி, மேலே ஒரு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டால் நல்லது. வயல் வேலைக்குப் போடுகிறோமே, அதே சட்டைதான்.

கதவின் இரண்டு பக்கமும் தரையில் கோணிச் சாக்கு விரியுங்கள். கதவு ஆடாமல் இருக்க அடியில் ஒரு மர ஆப்பு வையுங்கள். இன்றைக்கு எல்லோரும் பார்ப்பதற்காகக் கதவைக் கழற்றிப் படுக்க வைத்திருக்கிறோம். வீட்டில் நின்ற கதவிலேயே செய்யலாம்.

உடைந்ததை எடுப்பது

விரிசல் விட்ட கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். துண்டுகள் சிதறாது.

கண்ணாடியைச் சுற்றி நாலு பக்கமும் ஒல்லியான மரப்பட்டி ஒன்று ஆணியடித்து இருக்கிறது பாருங்கள். இதைத்தான் பீடிங் என்கிறோம், சில ஊரில் ரீப்பர் என்பார்கள். கண்ணாடி உட்காருகிற படி மாதிரியான வெட்டு இருக்கிறதே, அதற்குக் காடி என்று பெயர். இந்த இரண்டு பெயரையும் ஞாபகத்தில் வையுங்கள், கடையில் பேச உதவும்.

பீடிங்கை எடுக்கும்போது நீளமான பக்கத்தில், நட்ட நடுவில் ஆரம்பியுங்கள். உளியையோ, பழைய தட்டையான கத்தியையோ மெல்ல நுழைத்து நெம்பினால் நடுப்பகுதி வில் மாதிரி வளைந்து வெளியே வரும். ஓரத்தில் ஆரம்பித்தால் மூலை பிய்ந்துவிடும். உளியின் முனை எப்போதும் உங்கள் கைக்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். எடுத்த பட்டிகளின் பின்புறம் மேல், கீழ், இடது, வலது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். பழைய கதவில் நாலு பட்டியும் ஒரே அளவாக இருக்காது, இடம் மாறினால் மூலை சேராது.

ஒருவர் மறுபக்கம் நின்று ஒரு பலகையால் கண்ணாடியைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் துண்டுகளை எடுக்க வேண்டும். மேலே இருக்கிற துண்டை முதலில் எடுங்கள், கடைசியில் கீழ்த்துண்டு. கீழே கை வைத்திருக்கும்போது மேலே தொங்குகிற துண்டு கத்தி மாதிரி இறங்கும். பலமாக வெட்டுப்படுவது இப்படித்தான். வராத துண்டை இழுக்காதீர்கள். இரண்டு பக்கமும் லேசாக அசைத்தால் வரும்.

காடியைச் சுத்தம் செய்யும்போது

காடிக்குள் பழைய ஆணி, காய்ந்த மக்கு, பெயிண்ட் கட்டி எல்லாம் இருக்கும். ஒரு சின்னக் கண்ணாடித் துணுக்கு உள்ளே இருந்தாலும் புதுக் கண்ணாடி அந்த இடத்தில் விரிசல் விடும். குறட்டால் ஆணியைப் பிடுங்கி, உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுங்கள்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை நம்ப முடியாது. ஈயத் தூசி சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. அதனால் பழைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள், நெருப்பு காட்டி உருக்காதீர்கள். தண்ணீர் தொட்டு நனைத்து, தண்ணீரில் தேய்க்கிற உப்புத்தாளால் தேயுங்கள். விளக்குமாறு போட்டுத் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தூக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கிற சகோதரிகள் இந்த வேலையை வேறு ஒருவரிடம் விட்டுவிடுங்கள்.

காடி நன்றாகக் காய்ந்ததும், வெறும் மரம் தெரிகிற இடத்தில் பிரைமர் ஒரு கை அடியுங்கள். மரத்துக்குள் தண்ணீர் இறங்காது.

அளவுதான் உயிர்

சகோதரிகளே, இந்த வேலையில் பாதி அளவு எடுப்பதில்தான் இருக்கிறது. கண்ணாடி துணி மாதிரி இல்லை. பெரிதாக வந்தால் மடித்துத் தைக்க முடியாது, சின்னதாக வந்தால் ஒட்டுப் போட முடியாது.

முதல் விதி: கண்ணுக்குத் தெரிகிற வெளிச்ச இடைவெளியை அளக்காதீர்கள். காடியின் சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை அளக்க வேண்டும். வெளிச்ச அளவுக்கு வெட்டிய கண்ணாடி காடியில் உட்காராமல் ஓட்டை வழியாக அந்தப் பக்கம் விழுந்துவிடும்.

இரண்டாம் விதி: ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாதீர்கள். பழைய கதவு நேராக இருக்காது. அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளங்கள். உயரத்தையும் அப்படியே இடது, நடு, வலது. மூன்றில் எது குறைவோ அதுதான் கணக்கு.

மூன்றாம் விதி: அந்த அளவிலிருந்து ஒரு நூல் குறையுங்கள். தச்சர்கள் ஓர் அங்குலத்தை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். ஒரு நூல் என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். ஏன் குறைக்க வேண்டும்? மழைக்காலத்தில் மரம் ஈரம் இழுத்து உப்பும். அப்போது கதவு இறுகி, திறக்க முடியாமல் நாம் தோளால் இடிக்கிறோமே, அந்த உப்பல்தான். கண்ணாடிக்கு இடம் விடாவிட்டால் மரம் அதை நெருக்கி உடைத்துவிடும்.

இந்தக் கதவையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் மேலே 10 அங்குலம், நடுவில் 9 அங்குலம் 7 நூல், கீழே 10 அங்குலம். குறைந்தது 9 அங்குலம் 7 நூல். ஒரு நூல் கழித்தால் 9 அங்குலம் 6 நூல். உயரம் இரண்டு இடத்தில் 14 அங்குலம், ஓர் இடத்தில் 14 அங்குலம் 1 நூல். குறைந்தது 14. ஒரு நூல் கழித்தால் 13 அங்குலம் 7 நூல். ஆகவே நமக்கு வேண்டிய கண்ணாடி 9 அங்குலம் 6 நூலுக்கு 13 அங்குலம் 7 நூல்.

நான்காவதாக, மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் காடி சதுரமாக இருக்கிறது. ஒரு நூலுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கோணல். அப்போது எண்ணை நம்பாதீர்கள். கெட்டி அட்டையை வெட்டி, காடிக்குள் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார வைத்துப் பார்த்து, அந்த அட்டையையே கடைக்குக் கொண்டு போங்கள். எது மேல் பக்கம், எது வெளிப்பக்கம் என்று அட்டையில் எழுத மறக்க வேண்டாம்.

ஒருவர் அளந்ததை இன்னொருவர் பார்க்காமல் தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் கடைக்குப் போகலாம். குழுக் கணக்கை இரண்டு பேர் சரி பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம் அல்லவா, அதே முறைதான்.

கடையில் கேட்க வேண்டியது

பழைய கண்ணாடித் துண்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். கனமும் பூவும் பார்த்துக் கொடுப்பார்கள். இந்த அளவுக்கு 4 மி.மீ. கனம் போதும். காடி ஆழம் குறைவாக இருந்தால் 3 மி.மீ. வாங்கலாம். வெளியிலிருந்து உள்ளே தெரியக் கூடாது என்றால் பூப்போட்ட கண்ணாடி கேளுங்கள்.

கண்ணாடிக்குச் சதுர அடிக் கணக்கில் விலை. அகல அங்குலத்தை உயர அங்குலத்தால் பெருக்கி 144-ஆல் வகுத்தால் சதுர அடி வரும். நம் கண்ணாடி ஏறக்குறைய 135 சதுர அங்குலம், அதாவது ஒரு சதுர அடிக்கும் குறைவு. சில கடைகளில் அளவை அடுத்த முழு அளவுக்கு ஏற்றிக் கணக்குப் போடுவார்கள். வெட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், வெட்டிய பிறகு பேரம் கிடையாது. வெட்டியதும் உங்கள் டேப்பாலேயே ஒரு தடவை அளந்து பாருங்கள். “ஓரத்தைத் தேச்சுக் குடுங்கண்ணா” என்று கேளுங்கள், கை கிழிக்காது.

இடுப்பு உயரத்துக்குக் கீழே கண்ணாடி இருக்கிற கதவாக இருந்தால் கொஞ்சம் நில்லுங்கள். ஓடி வருகிற குழந்தை அதில்தான் மோதும். சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கூரான துண்டுகளாக நிற்கும். டஃபண்ட் என்று சொல்கிற கடினப்படுத்திய கண்ணாடி உடைந்தால் சின்னச் சின்ன மழுங்கல் துணுக்குகளாக உதிரும். விலை கூடத்தான், ஆனாலும் கீழ்க் கண்ணாடிக்கு அதுதான் சரி. அதைக் கடினப்படுத்திய பிறகு வெட்டவே முடியாது. சரியான அளவு கொடுத்து, செய்து வாங்க வேண்டும்.

கண்ணாடியைப் படுக்க வைத்துத் தூக்காதீர்கள், நிமிர்த்திப் பிடியுங்கள். அக்குளில் இடுக்கிக்கொண்டு நடப்பது பெரிய ஆபத்து. தடுக்கி விழுந்தால் அந்த இடத்தில் பெரிய ரத்தக் குழாய் இருக்கிறது. இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டி எடுத்து வாருங்கள். 4 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர அடி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். நம் தலைச்சுமைக்கு இது ஒரு கனமே இல்லை.

பொருத்துவோம், வாருங்கள்

முதலில் கண்ணாடியைச் சும்மா வைத்துப் பாருங்கள். சுற்றிலும் மெல்லிய இடைவெளி தெரிய வேண்டும். எங்கேயாவது இடித்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து, இடிக்கிற இடத்தில் மரத்தைச் சீவுங்கள்.

சரியாக இருந்தால், காடியில் சுற்றிலும் சிலிக்கானோ மக்கோ மெல்லிசாகத் தடவுங்கள். கண்ணாடி நேரே மரத்தில் படாமல் இது மெத்தை மாதிரி இருக்கும். கதவை மூடும்போது கடகடவென்று ஆடாது, மழைத் தண்ணீரும் இறங்காது. கண்ணாடியின் கீழ் விளிம்பை முதலில் காடியில் உட்கார வைத்து, பிறகு மேல்பக்கத்தைச் சாய்த்துச் சேருங்கள். ஓரங்களை மட்டும் லேசாக அழுத்துங்கள், நடுவில் அழுத்த வேண்டாம்.

இப்போது பீடிங். மேல், கீழ்ப் பட்டிகளை முதலில் வைத்து, பிறகு பக்கப் பட்டிகளை லேசாக வளைத்து உள்ளே தள்ளினால் பழைய இடத்திலேயே சேரும். ஒரு பட்டி உளுத்திருந்தால் அதைப் போலவே புதுசு வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். ஆணி சின்னதாக, மெல்லிசாக இருக்க வேண்டும். கண்ணாடிப் பக்கம் சாயாமல் மரத்தின் பக்கமாகப் போக வேண்டும். ஒரு சாண் இடைவெளிக்கு ஒரு ஆணி போதும். ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிவிட்டு அடித்தால் பட்டி பிளக்காது. கண்ணாடி மேல் ஒரு அட்டையை வைத்து, அந்த அட்டையின் மேலேயே சுத்தியலைச் சறுக்கிச் சறுக்கித் தட்டுங்கள். ஓங்கி அடிக்கிற வேலை இல்லை இது.

பீடிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு உள்பக்கம் இருப்பதுதான் பாதுகாப்பு. வெளிப்பக்கம் இருந்தால் நெம்பி எடுத்துவிட்டு உள்ளே கை விடலாம். அப்படி இருந்தால் ஆணிக்குப் பதில் திருகாணி போட்டு, தலையை மக்கு வைத்து மூடிவிடுங்கள். தாழ்ப்பாளையும் கை எட்டாத இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிலிக்கான் வைத்திருந்தால் ஒரு நாள் கதவை ஆட்டாமல் விடுங்கள்.

பீடிங் இல்லாமல் மக்கு வைத்த கதவானால்

சில பழைய கதவில் பீடிங் இருக்காது. கண்ணாடியைச் சுற்றி மக்கு மட்டும் சரிவாக வைத்திருப்பார்கள். காய்ந்த மக்கு கல் மாதிரி இருக்கும், பொறுமையாகச் சின்னச் சின்னதாக உடைத்தெடுங்கள். கண்ணில் தெறிக்கும், கவனம். புதுக் கண்ணாடியை வைத்ததும் பக்கத்துக்கு இரண்டு தலையில்லாத ஆணியை மரத்தில் அடித்துக் கண்ணாடியை நிறுத்துங்கள். அதன் மேல்தான் மக்கு. சாக் பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைந்தால் மக்கு. பெயிண்ட் கடையில் தயாராகவும் கிடைக்கும். சுவருக்குப் பூசுகிற பட்டி இதற்கு ஆகாது. தண்ணீர் வழிந்து ஓடும்படி சாய்வாக இழுத்துவிட்டு, மேல் தோல் காய ஒன்றிரண்டு வாரம் விடுங்கள். பிறகு பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடி மேல் ஒரு நூல் அளவு ஏறும்படி அடியுங்கள். அந்த ஒரு நூல்தான் தண்ணீருக்குத் தடை.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது அது. விரித்துக் காய வையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

கையில் வெட்டுப்பட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். கண்ணாடித் துண்டு ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்கக் கூடாது. அதைச் சுற்றி அழுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரத்தம் பீறிட்டாலோ, விரல் மரத்துப் போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள். சின்ன வெட்டானாலும் டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடைந்த துண்டு யார் கையில் போகிறது?

தெருக் குப்பையில் கண்ணாடியைக் கொட்டினால் அதைக் கையால் அள்ளப் போவது யார்? நம் ஊர்த் தூய்மைக் காவலர்கள். அவர்களில் நம் குழுச் சகோதரிகளும் இருக்கிறார்கள். நம் கையைக் காப்பாற்றிக்கொண்டு அவர்கள் கையைக் கிழிக்கலாமா? குளத்தங்கரையிலும் வாய்க்காலிலும் போட்டால் நாற்று நடுகிற காலில் குத்தும், மாட்டுக் குளம்பில் ஏறும். அதனால் துண்டுகளைச் செய்தித்தாளில் நாலு மடிப்புச் சுற்றி, அட்டைப் பெட்டியில் போட்டுக் கட்டி, மேலே ‘கண்ணாடி’ என்று பெரிய எழுத்தில் எழுதி, மற்ற குப்பையோடு சேர்க்காமல் தனியாகக் கையில் கொடுங்கள். வாயாலும் சொல்லுங்கள். தரையில் கிடக்கிற பொடித் துணுக்கை ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுங்கள்.

குழுவாக நாம் செய்யக்கூடியது

இந்த வேலைக்கு வேண்டிய சாமான் அதிகமில்லை. இஞ்ச் டேப், சின்னச் சுத்தியல், முக்கால் அங்குல உளி, குறடு, திருப்புளி, உப்புத்தாள், இரண்டு ஜோடி தடித்த கையுறை, பென்சில். ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டியதில்லை. குழுவுக்கு ஒரு பெட்டி வாங்கி, பொருள் பதிவேட்டில் ஏற்றி, யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று எழுதி வைத்தால் போதும். குழுவில் இரண்டு பேர் அளவு எடுக்கப் பழகிவிட்டால் ஊரில் ஒரு கதவும் அட்டையோடு நிற்காது.

தச்சு வேலை செய்பவர்களின் பிழைப்பில் நாம் கை வைக்கவில்லை. சட்டம் உளுத்துப்போனது, கதவு கோணியது, மேல் மாடிப் பெரிய கண்ணாடி இதெல்லாம் அவர்கள் வேலைதான், அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். ஏணியில் ஏறிச் செய்கிற வேலையையும் நாம் எடுக்க வேண்டாம். யாரும் வர நேரமில்லாத சின்ன வேலையைத்தான் நாம் செய்துகொள்ளச் சொல்கிறோம்.

1989-ல் தருமபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில் “பொம்பளைங்க பேங்க் கணக்கு எழுதுவாங்களா?” என்று கேட்டவர்கள் உண்டு. இன்றைக்கு நாம் கடனும் வாங்குகிறோம், கணக்கும் முடிக்கிறோம். சின்ன நோட்டில் நாலு எண்ணைச் சரியாக எழுதத் தெரிந்த கைக்கு, நாலு பக்கத்தைச் சரியாக அளக்கவும் தெரியும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் ஒரு சீட்டு கொண்டு வர வேண்டும். உங்கள் குழுவில் எத்தனை வீட்டில் கண்ணாடிக்குப் பதில் அட்டை இருக்கிறது, அதில் தனியாக இருக்கிற பெண்கள் வீடு எத்தனை, அளவு என்ன என்று அதில் எழுதியிருக்க வேண்டும். தனியாக இருப்பவர்கள் வீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லா அளவும் சேர்ந்தால் ஒரே நடையாக டவுனுக்குப் போய் வாங்கி வந்துவிடலாம், பஸ் செலவும் மிச்சம்.

இப்போது முன்வரிசையில் இருக்கிற இரண்டு சகோதரிகள் எழுந்து வாருங்கள். டேப் இதோ இருக்கிறது. இந்தக் கதவில் அடுத்த கண்ணாடியின் காடியை நீங்கள் அளந்து சொல்லுங்கள், மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.